ஒரு முழம் வயர்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாசகர் வட்டச் செயலாளர் என்னை அழைக்க வந்தபோது, "நோட்டீஸில் என்ன தலைப்பு போடட்டும் ஐயா?" என்று கேட்டார். "பிளக் வயர்" என்றேன். சிரித்துவிட்டு, "சரிங்க, தலைப்பு என்னங்க?" என்று மறுபடியும் கேட்டார். போன மாதம் இதே மேடையில் கம்பராமாயணம் பேசியிருக்கிறார்கள். அடுத்த மாதம் சிலப்பதிகாரமாம். நடுவில் நான், கையில் ஒரு முழம் வயரோடு. முன்வரிசையில் மூன்று பட்டறைக்காரர்கள் கறை போகாத கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம், ஒரு டி.வி. கதையில்தான் தொடங்கப்போகிறேன்.

எண்பதுகளில் எங்கள் தெருவுக்கே ஒரு டி.வி. வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒலியும் ஒளியும்' போடும்போது திண்ணை, வாசல், ஜன்னல் கம்பி எல்லாம் ஆள் தொங்கும். நல்ல பாட்டு ஒன்று வரும். சரியாக அந்த நேரம் பார்த்துப் பால்காரர் மொபெட்டில் தெருமுனை திரும்புவார். திரையெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவர் நெருங்க நெருங்கப் புள்ளி பெருகும், வீட்டைத் தாண்டியதும் குறையும். "எந்தக் கடன்காரன்டா அவன்!" என்று உள்ளேயிருந்து ஒரு பாட்டி கத்துவார். இங்கே தலை நரைத்தவர்கள் பலர் சிரிக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் கடன்காரனை உங்களுக்கும் தெரியும்.

அந்தப் புள்ளிகளில் ஒரு விசேஷம் உண்டு. சில நேரம் அவை திரை முழுக்கச் சிதறாமல் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் நிற்கும். பிறகு மெல்ல மேலே ஏறும், அல்லது கீழே இறங்கும். காரணம் எளிய கணக்குதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் விநாடிக்கு 50 பொறி. நம் நாட்டு டி.வி.யும் விநாடிக்கு 50 தடவை திரையை மேலிருந்து கீழாக வரைந்தது. இரண்டும் ஒத்துப்போகிற கணத்தில் ஒவ்வொரு பொறியும் திரையில் அதே இடத்தில் விழும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் கோடு ஏறும், குறைத்தால் இறங்கும். பால்காரர் வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பாட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. இருபது வருஷம் கழித்து ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தும்போது கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது உறைத்தது, கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். பையன்கள் சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஆக, அந்த மொபெட் ஓடிக்கொண்டே ஒலிபரப்பும் செய்துகொண்டிருந்தது. எஞ்சினுக்குள் பொறி அடிக்கும் பிளக்தான் ஒலிபரப்பு நிலையம், பிளக் வயர்தான் ஏரியல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1880-களின் இறுதியில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை முதலில் உண்டாக்கிக் காட்டியதே இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவில் பொறி அடிக்க வைத்துத்தான். 1901-ல் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்பிய சைகையும் பொறியில் பிறந்ததுதான். பொறி டிரான்ஸ்மிட்டர் எல்லா அலைவரிசையிலும் சேற்றை வாரி இறைக்கும் என்பதால் பிற்பாடு வானொலிக்காரர்கள் அதைக் கைகழுவினார்கள். வண்டிக்காரர்களால் கைகழுவ முடியவில்லை, பொறி இல்லாமல் பெட்ரோல் எரியாது. பிரிட்டனில் 1952-ல் வண்டிப் பொறி ரேடியோவைக் கெடுக்கக்கூடாது என்று விதியே எழுதினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. போர் முடிந்து 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சு ஊரில் சோய்ச்சிரோ ஹோண்டா ஒரு குட்டி எஞ்சினைச் சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டாங்க் கிடைக்காமல், குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்கிற வெந்நீர்க் குடுவையை வைத்துச் சமாளித்தார் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் கதை. அந்த எஞ்சின் எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? ராணுவ வயர்லெஸ் செட்டுக்கு மின்சாரம் கொடுக்க. ரேடியோவுக்குச் சோறு போட்ட எஞ்சின் சைக்கிளில் ஏறியதும் ரேடியோவைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டது. நம் பக்கத்துக்கு வந்தால் திருப்பதியில் செய்த சுவேகா, 1972-ல் புனேயிலிருந்து லூனா, 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50. சைக்கிள் மாதிரியே பெடல் வைத்த வண்டிகள். புல்லுக்கட்டு, தண்ணீர்க்குடம், ஆட்டுக்குட்டி, மூன்று பிள்ளைகள் என்று இவற்றின் மேல் ஏறாதது எதுவும் பாக்கியில்லை. இன்றைக்குச் சில இளைஞர்கள் கிட் வாங்கிப் பழைய சைக்கிளிலேயே எஞ்சின் மாட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் அது மோட்டார் வாகனம்தான், பதிவு வேண்டும். அதைச் சொல்லிவிட்டேன், இனி வயருக்கு வருகிறேன்.

வயர் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று. "பிளக் வயரை மாத்துங்க" என்று யாரோ சொல்கிறார்கள். கடைக்காரர் மூன்று சுருள் எடுத்துப் போடுகிறார். ஒன்று கருப்பு, விரல் தடிமனில் பாதிகூட இல்லை. ஒன்று சிவப்பு, தடியாக, பளபளவென்று. இன்னொன்று நீலம், கையில் எடுத்தால் ரப்பர் பாம்பு மாதிரி வழுவழுவென்று வளைகிறது. "தடி வயர்ல கரண்ட் நல்லாப் போகும்ணே, பிக்கப் கூடும்" என்கிறார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடியைத்தான் வாங்குவார்கள். நானும் வாங்கினேன், அந்தக் கதை பின்னால் வருகிறது. பிக்கப் கூடுமா என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

மேக்னெட் சக்கரம் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் காயிலில் கரண்ட் ஓடுகிறது. பாயிண்ட் என்கிற தொடுமுனை திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுபடுகிறது, அறுபட்ட வேகத்தில் ஹெச்.டி., அதாவது ஹை டென்ஷன் காயிலின் மெல்லிய சுற்றுகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. சி.டி.ஐ. வண்டியில் பாயிண்டுக்குப் பதில் ஒரு கண்டென்சர் நிரம்பி ஒரே மூச்சில் காயிலுக்குள் கொட்டுகிறது. முடிவு ஒன்றுதான். 1902-ல் பாஷ் கம்பெனியில் கோட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் ஹை டென்ஷன் மேக்னெட்டோவையும் பிளக்கையும் சேர்த்து அமைத்த நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. எழும்பிய வோல்ட்டை பிளக் முனைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வயரின் வேலை.

இங்கே காவிரிப் பாசனம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். வாய்க்கால் கடைசியில் மடையை அடைத்து வைத்திருக்கிறோம். தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. மடை உடையும்வரை வாய்க்காலில் ஓட்டமே கிடையாது, மட்டம்தான் ஏறும். ஓட்டமில்லாத வாய்க்கால் அகலமாக இருந்தாலென்ன, குறுகலாக இருந்தாலென்ன? இரண்டிலும் தண்ணீர் அதே மட்டத்தில்தான் நிற்கும். பிளக் இடைவெளிதான் அந்த மடை. 0.6 மில்லிமீட்டர் காற்று. வோல்ட் ஏறி ஏறி அந்தக் காற்றை உடைக்கும் கணம்வரை வயரில் ஓடுவது சொல்லத் தகாத அளவு கரண்ட். ஆகவே வயரில் 5000 ஓம் தடை இருந்தாலும் உடைக்கும் நேரத்து வோல்ட்டில் ஐம்பது நூறு குறையலாம், பத்தாயிரத்தில் அது ஒரு கணக்கே இல்லை. தடிச்ச செம்பு போட்டால் மட்டம் உயராது. மட்டத்தைத் தீர்மானிப்பது காயில். வயர் கூட்டிக் கொடுக்காது, கெட்ட வயர் குறைத்துக் கொடுக்கும். இன்றைக்கு நான் பேச வந்ததே இந்த ஒரு விஷயம்தான்.

எப்படிக் குறைக்கும்? விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் நண்டு வளை. மடை உடையுமுன் அந்த வளை வழியாகத் தண்ணீர் கசிந்தால் மட்டம் ஏறவே ஏறாது. பிளக் வயரில் நண்டு வளை என்பது வெடித்த ரப்பர், பிளக் தலையில் வயரை மாட்டும் கேப்பில் ஊறிய ஈரம், சைலன்சரில் உரசித் தேய்ந்த இடம், சைக்கிள் பைப்போடு ஒட்டிக்கிடக்கும் நீளம்.

பட்டறையில் தினமும் நடக்கும் ஒரு புதிர் இதில் அவிழ்ந்துவிடும். பிளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் வைத்துப் பெடல் மிதித்துப் பார்க்கிறோம். நீலமாகப் பொறி அடிக்கிறது. "கரண்ட் ஜம்முனு வருது" என்கிறோம். மாட்டினால் ஸ்டார்ட் ஆகவில்லை. கழற்றினால் அடிக்கிறது, மாட்டினால் இல்லை. பேய் பிடித்த வண்டி என்று ஒருவர் எலுமிச்சம்பழம் கட்டியதையே பார்த்திருக்கிறேன். விஷயம் இதுதான்: வெளிக்காற்றில் 0.6 மில்லிமீட்டரைத் தாண்ட இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று ஆறேழு பங்கு நெருக்கப்பட்டிருக்கிறது. நெருங்கிய காற்று லேசில் உடையாது, எட்டாயிரம், பத்தாயிரம், சில நேரம் அதற்கு மேலும் கேட்கும். மூவாயிரத்தில் கசியாத வயர் பத்தாயிரத்தில் கசியும். உள்ளே தாண்டுவதைவிடக் கரையில் கசிவது அதற்குச் சுலபமாகப் போய்விடுகிறது. ஆகவே பழைய பிளக் ஒன்றை எடுத்து, இடைவெளியை ஆறு மில்லிமீட்டருக்கு விரித்து, டெஸ்ட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொறி தாண்டினால் காயில், வயர் இரண்டையும் நம்பலாம். பிளக்கைக் கட்டாயம் எஞ்சின் உடம்பில் பதித்து வையுங்கள். எதிலும் படாமல் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு மிதித்தால் வோல்ட் போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே துளை போட்டுவிடும். பிளக் துவாரத்தை வேறு பிளக்கால் மூடிவிடுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும். பக்கத்தில் பொறி அடிக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

சரி, சுருள்களுக்கு வருவோம். வெளிநிறத்தை மறந்துவிட்டு வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் மெல்லிய செம்புக் கம்பிகள் முறுக்கியிருந்தால் அது சாதாரண செம்பு வயர், தடை ஏறக்குறைய பூஜ்யம். நடுவில் கருப்பாக நூல்போல, பென்சில் கரிபோல இருந்தால் அது கார்பன் வயர். கண்ணாடி நூலில் கரி ஏற்றியது, மீட்டருக்குப் பல ஆயிரம் ஓம் தடை. ரேடியோத் தொல்லையை அடக்கக் காருக்காகச் செய்தது. மூன்றாவது, ஒரு தண்டின் மேல் முடியிழை போன்ற கம்பியை நெருக்கமாகச் சுற்றிய வயர். இதுவும் தொல்லையை அடக்கும், கார்பன்போல் பொசுங்காது. விலை அதிகம், பந்தயக் காருக்கு நல்லது, பால் வண்டிக்குத் தேவையில்லை.

சின்ன எஞ்சினுக்கு எது என்று கேட்டால், பழைய பெடல் மொபெட்டுக்கும் கிட் எஞ்சினுக்கும் செம்பு வயர்தான். காரணம் வயரில் இல்லை, அதன் இரண்டு முனையிலும் இருக்கிறது.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது. என் மொபெட்டுக்குச் சிவப்புத் தடி வயர் வாங்கினேன், கார் வயர். விலை கருப்பு வயரைப்போல நாலு மடங்கு. பழைய கேப்பை அதில் திருகினேன். மொபெட் கேப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே மரத் திருகாணி மாதிரி ஒரு கூர் திருகு நிற்கும். வயரை அதன் மேல் வைத்துத் திருகினால் செம்புக் கம்பிகளுக்கு நடுவில் புகுந்து கவ்விக்கொள்ளும். பல ஹெச்.டி. காயிலிலும் இதே ஏற்பாடுதான். கிட் எஞ்சினோடு வரும் சின்னச் சி.டி.ஐ. பெட்டியிலும் வயரை எதிர்ப்பக்கம் திருகினால் கழன்று வரும். என் வயர் கார்பன் என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் வண்டி பறந்தது. பறந்தது என்று நான் நம்பினேன், காசு கொடுத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். மூன்றாவது வாரம் ஏற்றத்தில் மிஸ்ஸிங். பிறகு சமவெளியிலும். பிளக் மாற்றினேன், பாயிண்டை எமரித் தாளால் தேய்த்தேன், கண்டென்சர் மாற்றினேன். கடைசியில் ஒரு பட்டறையில் வயசான மெக்கானிக் கேப்பைக் கழற்றி வயர் முனையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். "கருகின வாசம் அடிக்குது சார்" என்றார். பிளேடால் நெடுக்காகக் கீறிக் காட்டினார். திருகு ஏறிய இடத்தில் கரி நூல் இல்லை. அரை அங்குலத்துக்கு வெறும் கூடு, உள்சுவரில் சாம்பல் பூத்திருந்தது.

திருகு கரி நூலைக் கவ்வவில்லை, கிழித்துவிட்டது. கிழிந்த இடத்தில் ஒரு தனிப் பொறி. ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கேயும் அடித்து, இருக்கும் கரியையும் தின்று, இடைவெளியைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறது. கார்பன் வயருக்கு முனையில் மடித்துக் கவ்வும் கிளிப் வேண்டும், அது கார் கேப்பில்தான் உண்டு. திருகுக் கேப்புக்குச் செம்பு. ஐ.டி.ஐ. வாத்தியாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். அவர் கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்கு அவமானம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

செம்பிலும் ஒற்றைக் கம்பி வேண்டாம், மெல்லிய இழைகள் முறுக்கியதாகப் பாருங்கள். இந்த எஞ்சின்கள் நடுங்குகிற நடுக்கத்தில் ஒற்றைக் கம்பி திருகுக்குப் பக்கத்தில் ஒடியும், வெளியே தெரியாது. வெள்ளீயம் பூசிய இழை இன்னும் நல்லது, பச்சைக் களிம்பு பிடிக்காது. தடிமன் விஷயத்தில் பழைய வயரின் அளவுதான் வேதம். மொபெட்டுக்குப் பெரும்பாலும் வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர், சிலவற்றில் 5. கேப்பின் வாயில் இறுக்கமாக நுழையவேண்டும். 8 மில்லிமீட்டரைச் செதுக்கி நுழைத்தாலும், 5 மில்லிமீட்டருக்கு டேப் சுற்றி நுழைத்தாலும் தண்ணீர் புகும்.

மேலுறையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், கரை கெட்டியாக இருப்பதுதானே முக்கியம். மலிவு வயரில் பி.வி.சி. உறை. புதிதில் நன்றாக இருக்கும். சிலிண்டர் சூட்டில் இளகி, ஆறி, இளகி, ஆறிக் கடைசியில் விறைத்து வெடிக்கும். ரப்பர் உறை அதைவிட மேல். நல்ல செயற்கை ரப்பராக இருக்கவேண்டும், ஏனென்றால் உயர் மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் காற்றில் ஓசோன் உண்டாகும். மழைக்கு முந்திய மின்னலுக்குப் பிறகு ஒரு கார வாசம் வருமே, அதே சரக்கு. இயற்கை ரப்பரை அது குறுக்குக் குறுக்காக வெடிக்க வைக்கும். பழைய வயரை வளைத்துப் பாருங்கள், வறண்ட ஏரிபோல வெடிப்பு தெரியும். அந்த நீல வழுவழு வயர் சிலிக்கோன். சூட்டுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, இருநூறு டிகிரியைத் தாங்கும். கடைக்காரர் சொல்லாதது: கீறலுக்கு அது பூஞ்சை, கூர்விளிம்பில் உரசினால் வெண்ணெய்போல் கிழியும். பெட்ரோலிலும் ஆயிலிலும் ஊறினால் உப்பும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கார்புரேட்டர் கசிவும் ஆயில் பிசுக்கும் இல்லாத இடம் எது? ஆகவே சூடான ஆனால் சுத்தமான எஞ்சினுக்குச் சிலிக்கோன், கிராமத்து மொபெட்டுக்கு நல்ல ரப்பர். விலையைக் கேட்டு வாங்கவேண்டாம், வண்டியின் பிசுக்கைப் பார்த்து வாங்குங்கள்.

செம்பு போட்டால் ரேடியோத் தொல்லை? நியாயமான கேள்வி. அதற்குத்தான் கேப்புக்குள் 5000 ஓம் தடை ஒன்று வைக்கிறார்கள். பட்டறையில் சப்ரஸர் கேப் என்போம். அதை ஏன் பிளக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பது ருசியான விஷயம். வயரும் பக்கத்திலிருக்கும் உலோகமும் சேர்ந்து ஒரு குட்டிக் கண்டென்சர். வோல்ட் ஏறும்போது வயர் முழுக்க அது நிரம்பிக்கிடக்கும். மடை உடைந்ததும் அந்தச் சேமிப்பு ஒரே நொடியில், நொடி என்றுகூடச் சொல்லக்கூடாது, விநாடியின் கோடியில் சில பங்கில், பிளக் வழியாகப் பாயும். டி.வி.யில் புள்ளி போட்டது அந்தப் பாய்ச்சல்தான். பிளக்கின் வாசலிலேயே ஒரு தடை இருந்தால் பாய்ச்சல் தணியும், பிளக் முனையும் சீக்கிரம் தேயாது. தடையைக் காயில் பக்கம் வைத்தால் வயரின் சேமிப்பு அதற்கு இந்தப்பக்கம் நின்றுவிடும், பாதிப் பயன்கூட இல்லை.

அந்தத் தடைத் துண்டு நாளடைவில் எரிந்துபோவதுண்டு. எரிந்ததும் நம் ஆட்கள் அதை எடுத்துவிட்டு ஒரு துண்டுச் செம்புக் கம்பியைத் திணிப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். நானும் செய்திருக்கிறேன். பாயிண்ட் வைத்த பழைய வண்டியில் பக்கத்து வீட்டு ரேடியோதான் பாதிக்கும். சி.டி.ஐ. வண்டியில் அந்த இரைச்சல் திரும்பிப்போய்ப் பெட்டிக்கே குழப்பம் உண்டாக்கலாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த புது மொபெட்டுகளில் அதற்கு வழியே வைக்காதீர்கள். அங்கே பிளக், கேப், காயில் எதுவாக இருந்தாலும் கம்பெனி என்ன சொல்கிறதோ அதுதான், நம் கைவேலை வேண்டாம்.

தடையை எண்ணிக்கொள்ளவும் வேண்டும். பிளக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்கு நடுவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் பிளக்குக்குள்ளேயே தடை இருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் அதுவும் 5000 ஓம். கேப்பில் 5000, பிளக்கில் 5000, வயரும் கார்பன் என்றால் மூன்று பேர் ஒரு கதவை இழுத்துப் பிடிக்கிறார்கள். மடை உடையும், உடைந்த பிறகு ஓடவேண்டிய ஓட்டம் மெலிந்துபோகும். குளிர்காலக் காலையில், பெடல் மிதிக்கும் மெதுவான சுற்றில், காயிலில் ஏற்கெனவே சக்தி குறைவு. அப்போது தெரியும். பழைய வண்டிக்குச் செம்பு வயர், 5000 ஓம் கேப், ஆர் இல்லாத பிளக். அல்லது ஆர் பிளக் போட்டால் தடை இல்லாத கேப். மீட்டரை இருபதாயிரம் ஓம் அளவில் வைத்துக் கேப்பின் இரு முனையிலும் தொடுங்கள், ஐந்தைச் சுற்றிக் காட்டினால் சரி. ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே எரிந்துவிட்டது.

மாட்டும்போது பழைய வயரின் அளவுக்கே வெட்டுங்கள், கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். நீளம் மிச்சம் என்று பாம்புபோல் சுருட்டி ஃபிரேமில் டேப் சுற்றிக் கட்டாதீர்கள். பைப்பை ஒட்டிக்கிடக்கும் ஒவ்வொரு சாணும் காயிலின் சக்தியில் கொஞ்சத்தை அந்தக் குட்டிக் கண்டென்சருக்குக் கொடுக்கும். முனையை நேராக, கூரான பிளேடால் வெட்டவேண்டும், கட்டிங் பிளையர் நசுக்கிவிடும். பழைய வயரே நன்றாக இருந்து முனை மட்டும் பச்சை பூத்திருந்தால் கால் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி திருகுங்கள். பாதி மிஸ்ஸிங் இதிலேயே தீர்ந்துவிடும், காசு செலவில்லை. வயர் காயிலோடு வார்க்கப்பட்டு வந்தால் நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். ஒட்டு ஒரு நண்டு வளை. காயிலையே மாற்றுங்கள்.

பேச்சு போதும். மேசைமேல் இருப்பது ஒரு பழைய மொபெட் எஞ்சின், பெட்ரோல் இல்லை, காயவிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கேப்பில் விரித்த பிளக், எஞ்சின் உடம்போடு கட்டியிருக்கிறது. வயர் பதினைந்து வருஷம் ஓடியது, கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது, பட்டறைக்கார அண்ணன் இப்போதுதான் வளைத்துப் பார்த்து நல்ல வயர் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் இந்தப் பாட்டிலால் அதன்மேல் லேசாகப் பனிபோல் தெளிக்கிறேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பின்வரிசைக்குப் போய்விடுங்கள். பிள்ளைகளா, மேசையைத் தொடவேண்டாம்.

தம்பி, விளக்கை அணை. அந்த ட்யூப்லைட்டும். ஜன்னல்.

கையால் சுற்றுகிறேன். பிளக்கைப் பார்க்காதீர்கள், வயரைப் பாருங்கள். கேப்புக்கு நாலு விரல் கீழே. தெரிகிறதா? நீலமாக, மின்மினி மாதிரி, வயரிலிருந்து ஃபிரேமுக்கு.

பிளக்கில் ஒன்றும் இல்லை, பாருங்கள்.